பழைய லப்டொப்புக்குக் காசு போடலாமா, கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா?

இந்த முறை லப்டொப் பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்திருக்கிறேன். முதலாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள் பலருடைய கையில் இருப்பது இதே வகை மெஷின்தான்.

கேள்வி: அண்ணா, நான் செங்கலடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாமா பாவித்துவிட்டுத் தந்த லெனோவோ திங்பேட் டி450 என்னிடம் இருக்கிறது. கோர் ஐ5, 4 ஜிபி ரெம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஒன் பண்ணிவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது. சூம் வகுப்பு நடக்கும்போது வேர்டைத் திறந்தால் அப்படியே இறுகி நிற்கும். டவுனில் ஒரு கடையில் கேட்டேன். எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரெம்மும் போட 15,000 ரூபாய் என்றார்கள். இல்லாவிட்டால் இதைக் கொடுத்து, மேலே 65,000 கட்டினால் பாவித்த டி480 ஒன்று தருவார்களாம். அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, செங்கலடி)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. எஸ்எஸ்டியை, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான சேமிப்பகத்தை, போட்டு, படிப்பு முடியும்வரை இதையே வைத்திருங்கள்.

ஆனால் காசைக் கொடுப்பதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். லப்டொப் இறுகி நிற்கிறது என்றால் அது எதையோ எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது, எதை என்று பார்த்துவிட்டுத்தான் காசு போட வேண்டும். சூமும் வேர்டும் திறந்திருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (மெஷினின் மூளை), மெமரி (அதுதான் ரெம்), டிஸ்க் என்று மூன்று இடத்தில் சதவீதம் காட்டும். நீங்கள் சொல்கிறதைப் பார்த்தால் டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டு நிற்கும், மெமரி 90ஐத் தாண்டியிருக்கும், சிபியு பெரும்பாலும் சும்மா இருக்கும். அப்படி இருந்தால் மெஷினின் மூளை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் மெதுவான ஆள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டுச் சுற்றுகிறது, ஒரு கை அங்கும் இங்கும் நகர்ந்து தேவையானதைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் 10 மில்லி செக்கனுக்கு மேல் போய்விடும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இப்படித்தான் எடுக்க வேண்டும், உங்கள் தேத்தண்ணி நேரம் போகிற வழி அதுதான். எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றுமில்லை, நகரவும் ஒன்றுமில்லை, அதே வேலை 0.1 மில்லி செக்கன் அளவில் முடிந்துவிடும். இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது: 4 ஜிபி ரெம் நிறைந்தவுடன் விண்டோஸ் மிச்சத்தை அந்த மெதுவான ஹார்ட் டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைத்து எடுக்கத் தொடங்கும். சூமோடு வேர்டைத் திறந்தால் இறுகுவது அதனால்.

அதனால் இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரிக் காசு கொடுக்கக் கூடாது. எஸ்எஸ்டியைப் புதிதாக, வாரண்டியோடு வாங்குங்கள், 256 ஜிபி போதும். நாளைக்கு டி450 செத்தாலும் அது உங்கள் கையில் மிஞ்சும்: 2.5 அங்குல எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போடலாம், இடமில்லாவிட்டால் யூஎஸ்பி கேஸிங் ஒன்றுக்குள் வைத்துப் பாவிக்கலாம். ரெம் அப்படியில்லை. டி450க்குப் போகிறது டிடிஆர்3எல், டி480க்குப் போகிறது டிடிஆர்4, ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. அடுத்த மெஷினுக்குக் கூட வராத சாமானுக்கு ஏன் புதுவிலை? கழற்றின மெஷினிலிருந்து எடுத்த பாவித்த ரெம்மே போதும், கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ரெம்மின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்க வேண்டும். அந்த ‘எல்’ இல்லாமல் வெறும் பிசி3 என்று இருந்தால் அது 1.5 வோல்ட்டுக்காரன், உங்கள் மெஷினுக்கு 1.35 வோல்ட்தான் சரி. டி450க்குள் இரண்டு ரெம் ஸ்லொட் இருக்கிறது, பழைய 4 ஜிபியைக் கழற்றவும் தேவையில்லை. எஸ்எஸ்டி என்ன விலை, ரெம் என்ன விலை, போடுகிற கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், 15,000 கட்டாயம் இறங்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் ஆய்வுக் கட்டுரையையும் படங்களையும் இன்றைக்கே வேறு எங்காவது பிரதி எடுத்து வையுங்கள். டிஸ்க் எப்போதும் 100இல் நிற்பது வயதினாலும் இருக்கலாம், அது சாகப்போகிற அறிகுறியாகவும் இருக்கலாம். பிரதி இல்லாமல் மூன்றாம் வருடத்துப் பிள்ளை லப்டொப்பைக் கடையில் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சரி, விண்டோஸ் விஷயம். உங்கள் ஐ5, அதாவது அந்த மூளை, ஐந்தாம் ஜெனரேஷன். விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் ஜெனரேஷனாவது வேண்டும் என்பது மைக்ரோசொஃப்ட் போட்ட கோடு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிந்துகொள்கிற வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டினார்கள். ‘எப்படியோ 11ஐ ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்கிற கடைகள் உண்டு, ஏறும், ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. நான் சொல்வது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். இதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும், 8 ஜிபி ரெம்மோடு டி450இல் நன்றாக ஓடும், சூமும் இருக்கிறது. தமிழுக்குப் பாமினியில் அடிக்கிறீர்கள் என்றால் அந்த ஃபொன்ட் ஃபைலை ஏற்றிவிட்டால், அதில் வேர்டுக்குப் பதிலாகப் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸிலும் அதே மாதிரி அடிக்கலாம். ஒரு குறை இருக்கிறது: லிப்ரே ஒஃபிஸில் செய்த கட்டுரையை வேர்டில் திறந்தால் பக்க அமைப்பு அங்குமிங்கும் இளகிப்போகும், அதனால் ஒப்படைக்கும் கடைசிப் பிரதியைப் பல்கலைக்கழகக் கணினியில் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

எப்போது மாற்றலாம்? போடப்போகிற காசு அடுத்த மெஷினின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நான் மாற்றத்தான் சொல்வேன். மதர்போர்ட் பழுது, ஸ்கிரீன் வெடிப்பு, மூடியின் பிணைச்சல் கழன்று உடலோடு பிய்ந்து வருவது, இவற்றுக்கு ஒரு சதமும் போடாதீர்கள். நம் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது, உப்புக்காற்று உலோகத்தை விடாது. யூஎஸ்பி ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், பச்சையாகப் பூத்திருந்தால் உள்ளேயும் அதே கதையாக இருக்கலாம். அப்படியான மெஷினைத் தூக்கி விடுவதுதான் சரி.

அந்த டி480ஐப் பற்றியும் சொல்ல வேண்டும், நல்ல மெஷின், காசு சேர்த்தால் பிறகு அதையே வாங்கலாம். எட்டாம் ஜெனரேஷனில்தான் இந்த வகை ஐ5க்குள் கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்கிற மூளைப் பகுதி, இரண்டிலிருந்து நான்காக மாறியது, அதனால் ஐந்தாம், ஆறாம் ஜெனரேஷன் ‘ஐ7’ ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கி அதிகக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் டி480 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதே மொடலில் ஏழாம் ஜெனரேஷன் ஐ5-7300யூ போட்டதும் வந்தது. இலக்கம் 8250யூ அல்லது 8350யூ என்று இருக்க வேண்டும். ஒன் பண்ணும்போது எஃப்1ஐ அழுத்திப் பாருங்கள், பாஸ்வேர்ட் கேட்டால் வாங்கவே வேண்டாம்: முன்பு பாவித்த கம்பனி போட்ட பூட்டாக இருக்கும், அதை எடுப்பது பெரிய தலையிடி. டைப்-சி வயரால் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பாருங்கள், பற்றரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது நிறைகிற கொள்ளளவு என்று அதில் இரண்டு இலக்கம் இருக்கும், இரண்டாவது பாதிக்குக் கீழே என்றால் பற்றரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மகன் ஓ.எல். படிக்கிறான். வீட்டில் கோர் 2 டுவோ, 2 ஜிபி ரெம் லப்டொப் ஒன்று கிடக்கிறது. எஸ்எஸ்டி போட்டால் உயிர் வருமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: கொஞ்சம் வரும், ஆனால் காசு போடாதீர்கள். இப்போதைய வெப்சைட்டுகளையும் வீடியோவையும் அந்த மெஷின் தாங்காது. ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்கள் இருந்தால் கழற்றி எடுத்து வையுங்கள், மிச்சத்தை விட்டுவிட்டு எட்டாம் ஜெனரேஷன் பாவித்த ஒன்றுக்குச் சேமியுங்கள்.

கேள்வி: என் லப்டொப்பில் டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, கிளிக் ஆகுதில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு முடியும்? (வாசகி, கல்முனை)

பதில்: அக்கா, டச்பேட்டை விடுங்கள், அதற்குக் கீழே பற்றரி ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். இதை வாசித்தவுடன் சார்ஜரைக் கழற்றி, லப்டொப்பை ஓஃப் பண்ணுங்கள். மேலே அமத்தவோ குத்தவோ வேண்டாம், லித்தியம் பற்றரி தீப்பிடிக்கும். மெத்தை, துணி இல்லாத இடத்தில் வைத்து, திருத்துகிற கடைக்குக் கொண்டுபோய் முதலில் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் பற்றரியை எடுத்தவுடன் டச்பேட் தானாக இறங்கி வேலை செய்யும். பிறகு புதுப் பற்றரி போடலாம். கழற்றின பற்றரியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், கடையிலேயே பொறுப்பாக ஒப்படையுங்கள்.