பில்லில் நேற்றைய தேதி இருந்தால் கெடுவை எப்படி எண்ணுவது?

24 மணி நேரமும் திறந்திருக்கும் கடையொன்றில், நள்ளிரவு கடந்து 9ஆம் தேதி பிறந்து 20 நிமிடமான பிறகு ஹெட்போன் வாங்கிய வாசகர் ஒருவருக்கு, 8ஆம் தேதியிட்ட பில் கிடைத்திருக்கிறது. 7 நாள் கெடுவை நம்பி 16ஆம் தேதி காலை அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, கெடு முந்தைய நாளே முடிந்துவிட்டதாகக் கூறிவிட்டனர். கடை ஏமாற்றுகிறதா என்று கேட்கிறார்.

ஏமாற்றும் நோக்கம் இருக்க வாய்ப்பு குறைவு; ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்தாத கடையும் நாளுக்கு ஒரு முறை கணக்கை முடித்தாக வேண்டும். பொறுப்பாளர் அன்றைய கணக்கை முடிக்கும்வரை, கடிகாரம் 12ஐத் தாண்டினாலும் பல இயந்திரங்கள் பழைய வணிகத் தேதியையே, அதாவது கடையின் கணக்கில் இன்னும் முடியாத நாளின் தேதியையே அச்சிடும். பின்னிரவில் சில நிமிடங்கள் பில் போட முடியாது என்று காத்திருக்கச் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், வணிகத் தேதியோடு உண்மையான மணியும் சேர்ந்து அச்சானால், 8ஆம் தேதி 00.20 என்று இருக்கும் பில்லைப் படிப்பவர் நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வாங்கியதாக எண்ணிவிடுவார். வணிகத் தேதி, உண்மையான தேதி இரண்டையும் தனித்தனி வரியாக அச்சிட வைப்பது மென்பொருள் செய்வோருக்குப் பெரிய வேலையே அல்ல; அதைச் செய்யாமல் அலைச்சலை வாங்குபவர் தலையில் கட்டுவது பொறுக்க முடியாத அலட்சியம்.

அட்டையில் பணம் செலுத்தியிருந்தால், அந்த நொடியில் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை பில்லோடு சேர்த்துக் காட்டுங்கள். கணக்கு அறிக்கையில் உள்ள தேதியை நம்ப வேண்டாம். அது ஓரிரு நாள் தள்ளியும் பதிவாகும்.

இந்த இடத்தில்தான் பலர் பெரிய குழியில் விழுகிறார்கள். கடையில் பதில் கிடைக்காத கோபத்தில் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, போலி எண்ணில் பேசி, பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் சிக்கிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வரவேண்டிய பணம் வந்து சேர ஓடிபியோ பின் எண்ணோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்பவரும், கைபேசித் திரையைப் பகிரச் சொல்பவரும், முன்கட்டணம் கேட்பவரும் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் திருடர்களே. உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பில்லிலோ கடையின் பெயர்ப்பலகையிலோ உள்ள எண்ணைத் தவிர வேறு எதையும் அழைக்காதீர்கள்.

வங்கியின் குறுஞ்செய்தியைச் சான்றாகக் காட்டுவதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கோடைக்கால நேரத்தை, அதாவது கோடையில் கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்திப் பின்னர் பழையபடி திருப்பி வைக்கும் முறையைக் கடைப்பிடிக்கும் நாடுகளில், கடிகாரத்தைப் பின்னோக்கி நகர்த்தும் இரவில் ஒரு மணி நேரம் இருமுறை வருவதால் அந்த நாளுக்கு 25 மணி நேரம். முன்னோக்கி நகர்த்தும் நாளுக்கு 23 மட்டுமே. அந்த மீண்டும் வரும் மணியில் வாங்கிய இருவரின் பில்களில் ஒரே நேரம் இருக்கலாம், முதலில் வாங்கியவர் பிந்தியவராகவும் தோன்றலாம். அன்று குறுஞ்செய்தியின் நேரமும் முழுச் சான்றாகாது; பில்லின் வரிசை எண் ஒன்றே எது முந்தியது என்று காட்டும்.

உங்கள் வழக்கிலும் அந்த வரிசை எண் உதவும். அதைக் குறிப்பிட்டு, அதற்கு முந்தைய பில்லின் நேரத்தைப் பார்க்குமாறு பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அது 8ஆம் தேதி இரவு 11 மணிக்கு மேல் போடப்பட்டதாக இருந்தால், உங்கள் பில் 9ஆம் தேதிக்குரியது என்பதை அவர்களுடைய கணக்கே நிறுவிவிடும். அதற்குமுன் பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெப்பத்தாளில், அதாவது மையின்றிச் சூட்டினால் எழுத்து பதியும் தாளில் உள்ள அச்சு நாளடைவில் மங்கிவிடும்.