இரட்சிக்கப்பட்ட தேதி சொல்லத் தெரியாவிட்டால் கிறிஸ்தவர் இல்லையா?

எந்த நாளில் மனந்திரும்பி இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சபையில் கேட்டார்கள், உங்களால் சொல்ல முடியவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, நேரம்கூடக் குறித்து வைத்தவர். 1738 மே 24, இரவு ஏறக்குறைய எட்டே முக்கால். லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். வேதாகமத்தின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்க, தம் இதயம் விநோதமாக அனல் கொண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். இத்தனைக்கும் அவர் அப்போதே குருப்பட்டம் பெற்றவர்! அமெரிக்காவுக்குப் போய்ப் பிறரை மனந்திருப்ப முயன்ற தாமே மனந்திரும்பியிருக்கவில்லை என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். பிற்காலத்தில் அந்த வரிக்கே, ‘இது எனக்கு உறுதியில்லை’ என்று குறிப்புச் சேர்த்தார். எனக்குப் பிடித்த வெஸ்லி இவர்தான்.

அப்போஸ்தலன் பவுல் மனந்திரும்பியது தமஸ்குச் சாலையில் கண்ட ஒளியால். அவருடைய இளம் சீடன் தீமோத்தேயுவுக்கோ விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக. அவனிடம் பவுல் தேதி கேட்டதாக நிருபத்தில் இல்லை.