பழைய தொடரையே மறுபடி பார்ப்பது தவறா?

சில நாட்களாக மனம் சோர்ந்திருக்கிறது, புதுத் தொடர் எதிலும் ஒட்டமுடியவில்லை, சிறுவயதில் பார்த்த நகைச்சுவைத் தொடரையே திரும்பப் பார்ப்பது நேர விரயமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குற்ற உணர்வில்லாமல் பாருங்கள்.

புதுக் கதை மனத்திடம் வேலை வாங்கும்: யார் யார், அடுத்து என்ன, யாருக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றம். பழகிய கதையில் அந்தப் பாரம் இல்லை. உளவியலாளர் ஜெய் டெரிக் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. மனக்கட்டுப்பாட்டைச் செலவழித்துக் களைத்தவர்கள் பழகிய கற்பனை உலகங்களை நாடுகிறார்கள். அது அவர்களுக்குத் தெம்பை மீட்டுத் தருகிறது என்கிறார்.

ஆனால் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்தைத் தொடரால் நிரப்ப முடியாது.

முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். மிகவும் பிடித்த ஒன்றை நேரே எடுங்கள். அடுத்த அத்தியாயம் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க விழித்தால் மறுநாள் சோர்வு கூடும். முடிந்தால் அதே தொடரை ரசித்த பழைய நண்பர் ஒருவரையும் கூட அழையுங்கள்.