ஃப்ளோமில் ஒரு பகல்: திரும்பும் நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்

கேள்வி: ஜூலை மாதம் நார்வே ஃபியோர்டுகளை (மலைகளுக்கிடையே நீண்டு நுழையும் குறுகிய கடல் கிளைகளை) சுற்றும் கப்பலில் செல்கிறோம். ஃப்ளோமில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை கப்பல் நிற்கும். மலை ரயில், நேரோய் ஃபியோர்டு படகு, ஸ்டேகஸ்டைன் காட்சி மேடை ஆகிய மூன்றையும் அன்றே பார்த்துவிட முடியுமா? உடன் வரும் அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்குவதா, நாங்களே சீட்டு எடுத்துக்கொள்வதா?

பதில்: மூன்றில் இரண்டைப் பார்க்கலாம், மூன்றாவதையும் சேர்த்தால் அன்றைய பகல் முழுவதும் வரிசையிலும் கடிகாரத்திலுமே கழிந்துவிடும். காலை ரயில், பிற்பகல் ஸ்டேகஸ்டைன் என்று வைத்துக்கொள்வதே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது.

காகிதத்தில் ஒன்பது மணி நேரம் இருந்தாலும் அத்தனையும் உங்கள் கையில் இருக்காது. கப்பல் புறப்படுவதற்குக் குறைந்தது அரை மணி நேரத்துக்கு முன் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி; எனவே 4.30 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அன்று உங்கள் கப்பல் துறையில் கட்டப்படுகிறதா, ஃபியோர்டின் நடுவே நங்கூரம் இடுகிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நங்கூரம் இட்டால் சிறு படகுகளில்தான் கரை சேர வேண்டும்; கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களையே பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள் என்பதால், சொந்தமாகச் செல்பவர்கள் 9.30 மணிக்கு முந்தைய ரயிலை நம்பிச் சீட்டு எடுக்கக் கூடாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு, ஆடும் படகில் கால் வைத்து இறங்குவதுதான் அன்றைய நாளின் கடினமான அடியாக இருக்கும். மாலுமிகள் இருபுறமும் கை கொடுப்பார்கள், தயங்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரயிலை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஃப்ளோமை அடையும்போதே 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சோக்னே ஃபியோர்டில் நுழைந்து, அதன் கிளையான ஔர்லாண்ட் ஃபியோர்டின் கடைக்கோடி வரை நீங்கள் வந்துவிட்டிருப்பீர்கள். நீர்மட்டத்திலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தாகிவிட்டது. அந்த மலைக்குள் ஏறிப் பார்ப்பதைக் கப்பல் தர முடியாது. துறையிலிருந்து சில நிமிட நடையில் நிலையம். அங்கு கடல்மட்டத்தை ஒட்டிப் புறப்படும் ரயில், 20 கிலோமீட்டர் தொலைவிலேயே 866 மீட்டர் உயரத்திலுள்ள கடைசி நிலையமான மீர்டாலை எட்டிவிடுகிறது. பல் சக்கரமோ இழுவைக் கயிறோ இல்லாத சாதாரண அகலத் தண்டவாளத்தில், பாதையின் பெரும்பகுதியில் 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏறும் ரயில் இது. வழியில் உள்ள 20 சுரங்கங்களில் 18-ஐக் கையாலேயே குடைந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பாதை மலையின் வயிற்றுக்குள்ளேயே வளைந்து, நுழைந்த திசைக்கு எதிராகத் திரும்பி வெளியே வரும்.

கோடையில் ரயில் ஷோஸ்ஃபோசன் அருவிக்கு எதிரே சுமார் ஐந்து நிமிடம் நிற்கும். கதவு திறந்த நொடியிலேயே சாரல் கண்ணாடியில் அடிக்கும். மேடைப் பலகைகள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அருவியோரப் பாறையில் பாட்டுடன் ஒரு பெண் தோன்றி ஆடுவாள். ஆளை மயக்கிக் காட்டுக்குள் இழுப்பதாக நார்வே நாட்டார் கதைகள் சொல்லும் ஹுல்ட்ரா என்ற மோகினியின் வேடம் அது. கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறும் என்பதால், அம்மா கதவருகே நின்றே பார்ப்பது நல்லது. அங்கிருந்தும் அருவி நன்றாகவே தெரியும். இந்த ரயிலை மின்சாரத்தில் ஓட்டுவதற்கென்றே இந்த அருவியில் மின்நிலையம் கட்டினார்கள் என்பதை உடன் வருபவர்களிடம் சொல்லுங்கள், வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

மீர்டாலில் இறங்கிச் சுற்ற வேண்டியதில்லை. அதே ரயிலில் திரும்பிவிடுங்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜூலையிலும் மேலே குளிர் உறைக்கும் என்பதால் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும்.

மதிய உணவுக்குப் பின் ஸ்டேகஸ்டைன். பேருந்தில் போய்வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலைச் சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீளும் மரமேடை அது. படியேற்றம் இல்லாததால் அம்மா நிம்மதியாக நடக்கலாம். ஆனால் மேகம் தாழ்ந்திருந்தால் வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியாது. அன்று காலை மலை உச்சிகள் மறைந்திருந்தால் இதை விட்டுவிட்டு, நிலையத்தை ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

நேரோய் ஃபியோர்டு 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது; குறுகிய இடத்தில் அதன் அகலம் 250 மீட்டர்தான். மழையிலும் அழகு குறையாது, அருவிகள் பெருகவே செய்யும். அதன் கோடியிலுள்ள குட்வாங்கன் என்ற ஊர் வரை படகில் இரண்டு மணி நேரம். திரும்புவது பேருந்தில், 11 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் வழியாக. அந்தச் சாலை ஏதோ காரணத்தால் அடைபட்டால் மாற்றுவழி மிகவும் சுற்று. ஆகவே அம்மா ரயிலைவிடப் படகையே விரும்பினால், அதைக் கப்பல் நிறுவனத்தின் வழியாகவே வாங்குங்கள்: அவர்களுடைய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகச் சென்றவருக்காகக் காத்திருக்காது. ரயிலுக்கு அந்த அச்சம் குறைவு. முற்பகலிலேயே துறைக்கு அருகில் திரும்பிவிடுவீர்கள் என்பதால் நீங்களே எடுத்து மிச்சம் பிடிக்கலாம். கப்பல்கள் வரும் நாளில் இடம் விரைவில் நிரம்பிவிடுவதால் தேதி உறுதியானதும் இணையத்தில் பதிந்துவிடுங்கள்.

பயணம் இங்கிலாந்திலிருந்து தொடங்கினால், நார்வே நேரம் அங்கிருப்பதைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். கரையில் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ தன் நேரத்தையே வைத்திருக்கக்கூடும். ரயில் சீட்டில் இருப்பது உள்ளூர் நேரம், கப்பல் அட்டவணையில் இருப்பது கப்பல் நேரம். முந்தைய இரவே வரவேற்பு மேசையில் கேட்டுக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அன்றாட அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள்.