டிரம்ஸ் கிட்டை மூடி வைத்துவிட்டு லேப்டாப்பே கதி என்று இருக்கும் பையனின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நியூ ஜெர்சி எடிசனில் வீடு, பையன் பன்னிரண்டாவது, நாலு வருஷமாக ஜாஸ் டிரம்ஸ் கற்றவன் இப்போது கிட்டின் மேல் போர்வையைப் போட்டுவிட்டு ஹெட்போனும் லேப்டாப்புமாக தாளம் செய்துகொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான், ஜாஸே சோறு போடுமா என்று கவலைப்பட்டவளுக்கு இது வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய பயம் நியாயம்தான். ஆனால் டிரம்ஸை விட்டுவிட்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்கள் மாநிலத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். மார்க் ஜூலியானா, டிரம்ஸ் கலைஞர், 1980-இல் பிறந்தவர். வெய்ன் என்ற ஊரில் இருக்கும் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படித்தார், பாஸ் கலைஞர் அவிஷாய் கோஹனுடன் பல வருஷம் வாசித்தார். அதே ஆள் ஏஃபெக்ஸ் ட்வின், ஸ்கொயர்புஷர் போன்ற மின்னணு இசைக் கலைஞர்கள் கணினியில் செய்த தாளங்களில் மயங்கி, அதைக் கையாலும் காலாலும் வாசிக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தார். இது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்னேர் என்ற டிரம்மின் மேல் ஒரு துணியைப் போட்டு அதிர்வை அடக்க வேண்டும், சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 'ட்ஸ்' என்று சட்டென நிற்கும் சத்தம் வரவைக்க வேண்டும், திரும்பத் திரும்ப வரும் ஒரே தாளத் துண்டை, அதாவது லூப்பை, நாலு நிமிஷம் இம்மியும் பிசகாமல் வாசித்துவிட்டு அப்புறம் ஒரே ஓர் அடியை மட்டும் தள்ளிப் போட வேண்டும். ஜாஸில் பழகிய காது இல்லாமல் அது வராது. 2014-இல் பியானோ கலைஞர் பிராட் மெல்டாவுடன், அவர் சிந்தசைசரில் இவர் டிரம்ஸில் என்று, ஒரு ஆல்பம் வந்தது. அதே வருஷம் நியூயார்க்கில் 55 பார் என்ற சின்ன இடத்தில் சாக்ஸபோன் கலைஞர் டானி மெக்காஸ்லின் குழுவில் இவர் வாசித்தபோது ராக் பாடகர் டேவிட் போவி வந்து கேட்டார். 2016 ஜனவரியில் வெளிவந்த போவியின் கடைசி ஆல்பத்தில் டிரம்ஸ் இவர்தான். எல்லாம் அதிர்ஷ்டம் என்பீர்கள். அந்த ராத்திரிக்கு முன்னால் எத்தனையோ வருஷம் அவர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், அம்மா.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். ஜாஸ் படிப்பில் சேர வாசித்துக் காட்டும் ஆடிஷனில் லேப்டாப் உதவாது. ஸ்விங், போசா நோவா என்ற தாள நடைகள், குச்சிக்குப் பதில் கம்பித் தூரிகையால் வாசிக்கும் பிரஷ் வாசிப்பு என்றுதான் கேட்பார்கள், பல இடங்களில் முதலில் வீடியோவும் அனுப்ப வேண்டும். அதனால் தினம் ஒரு மணி நேரம் கிட், அதில் பாதி பிரஷ், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மீதி நேரம் லேப்டாப்பில் இருக்கட்டும், ஆனால் ஆரம்பித்ததை முடிக்க வேண்டும், மாதம் இரண்டு டிராக். கூடவே தன் கிட்டுக்குத் தானே மைக் வைத்து ஒலிப்பதிவு செய்யப் பழகட்டும். கச்சேரி வருமானம் ஏறும், இறங்கும். வீட்டிலிருந்தே டிரம்ஸ் பதிவு செய்து அனுப்புகிறவர்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் வருமானம் இறங்கிய மாதங்களைத் தாண்டுவது கொஞ்சம் சுலபம். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் உள்ளூர்க் கட்டணம், கடன் சுமை குறையும். 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவன் இருக்கலாம், அதைக் கணக்கில் வையுங்கள். காதடைப்பான் இன்றைக்கே வாங்கிக்கொடுங்கள், ஹெட்போன் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள், போன கேட்கும் திறன் திரும்பாது.

இந்த சனிக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் செய்ததில் ஒன்றைப் போர்வையை எடுத்துவிட்டு கிட்டில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறான் என்று எனக்கு எழுதுங்கள், ஆடிஷன் வீடியோவுக்கு முன் எதில் உழைக்க வேண்டும் என்று அதை வைத்தே சொல்கிறேன்.