பீலிங், லேசர், ஊசி: எவ்வளவு ஆழம் போகலாம்?

கேள்வி: கன்னத்தில் பல வருடப் பருத் தழும்புகள். ஆறு சிட்டிங் பீலிங் செய்தாயிற்று. முகம் பளிச்சென்று ஆனது, குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அடுத்து லேசருக்குப் போகலாமா?

பதில்: அமிலம் பூசித் தோலை உரிக்கும் பீலிங் அதன் வேலையைச் செய்துவிட்டது, குழி அதற்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கிளைகாலிக் அமிலமோ 20–30% சாலிசிலிக் அமிலமோ, மேலோட்டமான பீல் எல்லாமே மேல்தோலோடு நின்றுவிடும். முகத்தில் அதன் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். தழும்புக் குழி உருவாவது அதற்குக் கீழே, தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் இருக்கும் உள்தோலில்.

லேசர் பற்றி முடிவெடுக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டு, கன்னத்தை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மறைகிற அலை அலையான பள்ளங்களை அடியில் உள்ள நார்கள் கீழே பிடித்து இழுத்து வைத்திருக்கின்றன. மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் அந்தப் பிடி விடாது. தோலுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி நார்களை அறுக்கும் சப்சிஷன்தான் இதற்குச் சரி. ஒரு வாரம், பத்து நாள் ரத்தக்கட்டு நீலமாகத் தெரியும்.

குண்டூசியால் குத்தியது போன்ற குறுகிய, ஆழமான துளைகள் வேறு ரகம். 70–100% டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக்) அமிலத்தைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, துளைக்குள் மட்டும் வைப்பார்கள். சில நொடிகளில் அந்த இடம் வெளுக்கும். விளிம்பில் வழிந்தால் துளை அகலமாகிவிடும் என்பதால் கை பழகியவர்தான் செய்ய வேண்டும். ஒரு மாத இடைவெளியில் மூன்று நான்கு முறை தேவைப்படலாம். அடி தட்டையாக, ஓரம் செங்குத்தாக இருக்கும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளுக்குத்தான் நுண்துளைகளாகப் போடும் ஃபிராக்ஷனல் லேசரோ, நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோ நீட்லிங்கோ நன்றாக வேலை செய்யும்.

பெரும்பாலான கன்னங்களில் மூன்று ரகமும் கலந்தே இருக்கும். ஒரே மெஷினால் எல்லாவற்றையும் சரிசெய்வதாகச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். குழியின் ஆழம் குறையும், முழுதாக மறையாது. புதுக் கொலாஜன் உருவாக 3 முதல் 6 மாதம் ஆகும். இன்னும் புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: சிஓ2, எர்பியம் என்று இரண்டு லேசர் சொல்கிறார்கள். என்னுடையது கருநிறம். செய்தபின் இன்னும் கறுத்துவிடுமோ என்று பயம்.

பதில்: நியாயமான பயம். இரண்டுமே தோலிலுள்ள நீரைச் சூடாக்கி ஆவியாக்குகின்றன. எர்பியத்தின் 2,940 நானோமீட்டர் ஒளியை நீர் மிக வலுவாக உறிஞ்சும். எனவே மெல்லிய அடுக்கு ஆவியாகிவிடும், சுற்றி வெப்பம் அதிகம் பரவாது. சிஓ2-வின் 10,600 நானோமீட்டர் ஒளி சுற்றிலும் கூடுதல் வெப்பத்தை விட்டுச்செல்லும். தோல் இறுகுவதும் ரத்தம் கசியாமல் நிற்பதும் அந்த வெப்பத்தால்தான். நிறமிச் செல்களைச் சீண்டுவதும் அதேதான்.

ஃபிராக்ஷனல் என்றால் தோல் முழுவதையும் உரிக்காமல், நுண்ணிய தூண்களாகத் துளையிட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பது. 2004-ல் அறிமுகமான இந்த முறையில் ஆறுவது வேகமாக நடக்கிறது. கருநிறத் தோலுக்கு அந்தத் துளைகளின் அடர்த்தியைக் குறைத்து, சிட்டிங்கைக் கூட்டுவதே பாதுகாப்பு. "எந்த மெஷின்?" என்பதோடு "எவ்வளவு அடர்த்தி வைப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். வெயிலில் கறுத்திருக்கும்போது செய்துகொள்ள வேண்டாம். தாடை ஓரத்தில் சிறு இடத்தில் சோதித்து, நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மைக்ரோ நீட்லிங்கில் வெப்பமே இல்லை. கறுக்கும் அபாயம் குறைவு. கெலாய்டு (காயம் ஆறியபின் தடித்து வளரும் தழும்பு) வளரும் உடம்பு என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கன்னத்து மங்குக்கு லேசர் செய்யலாமா?

பதில்: முதல் சிகிச்சையாக வேண்டவே வேண்டாம். வெப்பம் பட்டால் மங்கு பல நேரம் இன்னும் அடர்ந்து திரும்பும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைத் தூண்டுவதால், அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனில் தொடங்குங்கள். பிறகு மருத்துவர் கண்காணிப்பில் பூச்சு மருந்துகள். மேலோட்டமான பீல் அதற்குத் துணையாக மட்டும்.

கேள்வி: பீல் திரவம் இணையத்திலேயே கிடைக்கிறதே, வீட்டில் செய்தால் என்ன?

பதில்: பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதம் பாதிக் கதைதான். 70% கிளைகாலிக் அமிலமே பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும்) 1-க்குக் கீழே இருந்தால் ஒரு மாதிரியும், 3-ல் இருந்தால் வேறு மாதிரியும் கடிக்கும். அதை நேரம் பார்த்து சோடியம் பைகார்பனேட்டாலோ நிறையத் தண்ணீராலோ நிறுத்த வேண்டும். சாலிசிலிக்கில் தெரியும் வெள்ளைப் பொடி வெறும் படிகம், துடைத்தால் போய்விடும். டிசிஏ-யில் தெரியும் வெள்ளை, வெந்து உறைந்த புரதம். வெளுத்தபின் எதைக் கொட்டினாலும் பலனில்லை. இந்த இரண்டு வெள்ளையையும் குழப்பிக்கொண்டு "இன்னும் ஒரு கோட்" போடுவதில்தான் தழும்பு வருகிறது. கர்ப்ப காலத்தில் சாலிசிலிக் பீலே வேண்டாம்.

கேள்வி: செய்வதற்கு முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீமைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் எதற்கும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2017-ல் வெளியான வல்லுநர் பரிந்துரைகள் மேலோட்டமான பீலுக்கும், தோலை உரிக்காத ஃபிராக்ஷனல் லேசருக்கும் அதைத் தளர்த்தின. தோல் முழுவதையும் உரிக்கும் லேசருக்கும், இயந்திரத்தால் தோலைத் தேய்த்தெடுக்கும் டெர்மாப்ரேஷனுக்கும் தளர்த்தவில்லை. உதட்டோரத்தில் ஹெர்பீஸ் கொப்புளம் ஒருமுறை வந்திருந்தாலும் சொல்லுங்கள். உரிந்த தோலில் அது முகமெங்கும் பரவும் என்பதால், முன்கூட்டியே மாத்திரை தொடங்குவார்கள்.

செய்தபின், தோல் மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசி ஈரமாகவே வைத்திருங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், பிய்த்த இடம்தான் பெரும்பாலும் கறுக்கும். தோல் மூடியதும் எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிவப்பும் வீக்கமும் எதிர்பார்த்தவைதான். நாளுக்கு நாள் வலி கூடுவது, சீழ், காய்ச்சல், கொத்தாகக் கொப்புளம், ஓரிடம் மட்டும் வாரக்கணக்கில் சிவந்து தடிப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த சிட்டிங் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.