தோட்டத்தை விற்பதற்கு முன் ஸ்கேன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை மகளையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு கொடுமுடியிலிருந்து வந்திருந்தீர்கள். இரண்டாம் முறை எழுதிய நீட் தேர்விலும் அவள் தகுதி மதிப்பெண்ணை மட்டும் தொட்டிருக்கிறாள் என்றும், மஞ்சள் விளையும் தோட்டத்தை விற்றாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னீர்கள். உங்கள் தூக்கம் கெட்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. ஆறுதல் வார்த்தைகளால் உங்களுக்குப் பயனில்லை என்பதால் நேராகவே எழுதுகிறேன்: தோட்டத்தை விற்காதீர்கள்.

வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர் இங்கே மருத்துவம் பார்க்கத் தனியாக ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதை எழுதுவோரில் பெரும்பாலோர் தேறாமல் போகும் அமர்வுகளே அதிகம். முகவர் தந்த வண்ணத்தாளில் இது இருக்காது. அதைவிட முக்கியமானது உங்கள் மகளின் மனம். ஒரு மணி நேரப் பேச்சில், மாமா திரும்பிப் பார்த்தபோதெல்லாம் மருத்துவம் என்றாள். தானாக வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான். அம்மாயிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்த இயந்திரம் ஏன் கடப்பாரையால் இடிப்பதுபோலச் சத்தமிட்டது, மெட்டியையும் சேலை ஊக்கையும் ஏன் கழற்றச் சொன்னார்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒலிபெருக்கியில் பேசிய அக்கா என்ன படித்தவர் என்று கேட்டாள். நோயைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. நான் எழுதவிருப்பது அந்த அக்காவின் வேலையைப் பற்றி. மற்ற படிப்புகளை உங்கள் மைத்துனரே வரிசையாக ஒப்பித்துவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருத்துவமனை ஸ்கேன் அறை இந்த வேலையின் ஒரு முகம் மட்டுமே. பல்கலைக்கழகங்களில் மூளையையும் உடலையும் ஆராய்ச்சிக்காகவே படம்பிடிக்கும் மையங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ.யை உருவாக்கியவர்களுள் ஒருவரான சர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டின் பெயரில் இயங்கும் மையம் அவற்றுள் ஒன்று. மூளை எப்படி வேலை செய்கிறது என்பதோடு, உண்ட உணவு இரைப்பையிலிருந்து எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதையும் அங்கே எம்.ஆர்.ஐ.யில் அளக்கிறார்கள். மான்ஸ்ஃபீல்டு 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத் தொழில் பழகப் போனவர். விஞ்ஞானியாக விரும்பியபோது, அது உனக்கு எட்டாது என்ற பொருளில் அவருக்கு அறிவுரை சொன்னவர் என்னைப்போலவே படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் ஓர் ஆலோசகர்தான். அதை நினைத்துக்கொண்டுதான் நான் எந்த மாணவரிடமும் பேசத் தொடங்குகிறேன். 1978இல், முழு உடலையும் படமெடுக்கும் தம் முதல் கருவிக்குள், இதயம் நின்றுவிடலாம் என்ற எச்சரிக்கையை மீறித் தாமே முதலில் நுழைந்த அவருக்கு, 2003இல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்ட மையத்தைப் பேராசிரியர்கள் மட்டும் நடத்துவதில்லை. காலையில் முதலில் வருபவர் ரேடியோகிராபர், அதாவது ஸ்கேன் கருவியை இயக்கிப் படமெடுப்பவர். நீர்க்கரைசல் நிரப்பிய உருளை ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்துக்குள் வைத்துப் படமெடுத்து, நேற்றைய அளவோடு இன்றைய அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மனிதரை உள்ளே விடுகிறார். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 60,000 மடங்கு வலியது; மின்விளக்கைப்போல மாலையில் அணைத்துவிட்டுப் போகக்கூடியது அன்று, இரவும் பகலும் உயிரோடு இருப்பது. அதன் கம்பிச்சுருள் சுமார் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. அந்த ஹீலியம் கொதித்து வாயுவானால் ஏறத்தாழ 700 மடங்கு விரியும் என்பதால், அதை வெளியேற்றும் குழாயைக் கண்காணிப்பதும் மையத்தார் பொறுப்பே. 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுசென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். வாசலில் நின்று, இதயக் கருவி உண்டா, கண்ணில் உலோகத்தூள் பட்டதுண்டா, ஜரிகைச் சேலையா என்று சலிக்காமல் கேட்பவர் வெறும் படிவம் நிரப்புபவர் அல்லர் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

உங்கள் மகளின் முதல் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது: படத்துக்கு இடம் குறிக்கும் சுருள்களில் மின்னோட்டம் வேகமாக மாறி மாறிப் பாயும்போது, பெரிய காந்தப்புலம் அவற்றை உலுக்குகிறது, அந்த அதிர்வுதான் சத்தம். அதைக் குறைக்க முயலும் இயற்பியலாளர், தலையைச் சுற்றி வைக்கும் அலைவாங்கியை வடிவமைக்கும் பொறியாளர், குவியும் படங்களைப் பெயர் நீக்கிப் பாதுகாக்கும் கணினி ஆள், தன்னார்வலரை அச்சமின்றிப் படுக்கவைக்கும் ஒருங்கிணைப்பாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலுள்ள சிசுக்களின் மூளையை நுண்வெட்டுகளாக்கி, 5,132 வெட்டுகளின் படங்களை 2024இல் வெளியிட்டது. அது காந்த வழி அன்று, நுண்ணோக்கி வழி. ஆனாலும் அங்கே பொறியாளர்களின், ஆய்வகத் தொழில்நுட்பர்களின் கை இல்லாமல் ஒரு வெட்டும் படமாகியிருக்காது.

‘கதிர்வீச்சு, பெண்பிள்ளைக்கு ஆகாது’ என்றார் மைத்துனர். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. படிக்கும் காலத்தில் எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் அவள் பயிற்சி பெற வேண்டியிருக்கும் என்பது உண்மை; ஆனால் அங்கே பணியாளர் பெறும் கதிர்வீச்சை மார்பில் அணியும் பட்டை அளந்துகொண்டே இருக்கும், அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உச்சவரம்பும் விதித்திருக்கிறது.

வழி இரண்டு. கதிரியல், படிமத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. ஒன்று; அதற்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, பயிற்சிக் காலத்தில் எம்.ஆர்.ஐ. கருவியில் கைவைக்க விடுவார்களா என்ற இரண்டையும் கேட்காமல் எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டாதீர்கள். மற்றது பி.எஸ்சி. இயற்பியல், பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் போன்ற மருத்துவ இயற்பியல் முதுகலை. அந்த முதுகலை பெரும்பாலும் புற்றுநோய்க் கதிர்சிகிச்சையை நோக்கியே இழுக்கும், எம்.ஆர்.ஐ. பக்கம் அவளாகத்தான் திரும்ப வேண்டும். எதையும் கழற்றிப் பார்க்கும் இயல்புடைய உங்கள் மகளுக்கு நான் சொல்வது இந்த இரண்டாம் வழியையே.

பணத்தைப் பற்றியும் மறைக்க மாட்டேன். தனியார் ஸ்கேன் மையத்தில் தொடக்கச் சம்பளம் குறைவு. பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் ஆராய்ச்சிப் பணிகள் எண்ணிக்கையில் கொஞ்சம், அவற்றிலும் பல திட்டக்கால ஒப்பந்தங்கள். அதனால்தான் கடனில்லாமல் படிக்கச் சொல்கிறேன். கடனில்லாதவளால் இரண்டாண்டு ஒப்பந்தத்தைத் துணிந்து ஏற்க முடியும், தவணை கட்டுபவளால் முடியாது. நாட்டிங்காமைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சரி அங்கேயே அனுப்பிவிடலாம் என்று தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துவிட வேண்டாம். அங்கே போவதானால் முதுகலை முடித்து, உதவித்தொகையுடன் முனைவர் பட்டத்துக்குப் போகட்டும்.

விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஈரோட்டில் ஏதேனும் ஒரு ஸ்கேன் மையத்தில் அனுமதி கேட்டு, ஒரு முழு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். மாலையில் அவள் என்ன கேள்விகளோடு வருகிறாள் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மைத்துனரை மட்டும் அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச விட்டுவிட்டு வந்தால் நல்லது.